கரித்தூள் கலந்த நீரும் ஒரு பாடத்தின் மூன்று வரைவுகளும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நான் குடிசார் பொறியியல் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, உதவித்தொகையுடன் ஒரு கடமையும் சேர்ந்து வந்தது. தேசிய அறிவியல் அறக்கட்டளை 1999-இல் தொடங்கிய ஜிகே-12 என்னும் திட்டத்தின்படி, அறிவியலும் பொறியியலும் பயிலும் முதுநிலை மாணவர்கள் வாரத்தில் சில மணி நேரம் பள்ளிக்குச் சென்று, அங்குள்ள ஆசிரியருடன் சேர்ந்து பாடம் நடத்த வேண்டியிருந்தது. அவ்வாறு உருவாகும் பாடங்கள் அந்த ஆண்டோடு மறைந்துவிடாமல் பிற ஆசிரியர்களுக்கும் பயன்படும் பொருட்டு, போல்டரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகமும் வேறு சில பல்கலைக்கழகங்களும் இணைந்து உருவாக்கிய டீச் எஞ்ஜினியரிங் என்ற இலவச இணைய நூலகம் அப்போது இயங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு பாடத்தை எழுதி அனுப்பிய அனுபவத்தையே இங்கே பகிர்கிறேன்.

ஏழாம் வகுப்புக்கென நான் எடுத்துக்கொண்ட பொருள் நீர் வடிகட்டி. அடிப்பகுதியை நறுக்கிய நெகிழிப் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, கழுத்தில் பஞ்சை அடைத்து, அதன்மேல் கரி, மணல், கூழாங்கல் என்று அடுக்கிக் கலங்கல் நீரை ஊற்றினால் அது தெளிந்து இறங்கும் என்பது பலரும் அறிந்ததே. மிக எளிது என்று நினைத்ததால் முதல் வரைவை ஒரே இரவில் இரண்டு பக்கங்களில் முடித்துவிட்டேன். மறுநாள் வகுப்பில் எட்டுக் குழுக்களின் வடிகட்டிகளிலும், ஊற்றிய நீரைவிட இறங்கிய நீர் கறுப்பாக இருந்தது. மீன்தொட்டிக் கடையில் வாங்கிய கரியைப் பலமுறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் அதன் நுண்தூள் நீரோடு இறங்கிவிடும் என்பது, ஆய்வகத்தில் யாரோ அலசி வைத்த கரியையே எடுத்துப் பழகிய எனக்குத் தோன்றவே இல்லை. வகுப்பாசிரியை சிரித்துக்கொண்டே, "இதையும் எழுதுங்கள். நீங்கள் இல்லாத வகுப்பறையில் இந்தப் பாடத்தை நடத்தப்போகிறவருக்கு முதலில் தேவைப்படுவது இந்த வரிதான்" என்றார்.

நூலகத்தின் படிவத்தில் அதற்கென்றே ஓர் இடம் இருந்ததை அதன் பிறகே கவனித்தேன். எவ்வளவு நேரம் பிடிக்கும், ஒரு குழுவில் எத்தனை பேர், ஒவ்வொரு குழுவுக்கும் செலவழிந்து தீரும் பொருள்களின் விலை எத்தனை டாலர், பாதுகாப்புக் குறிப்புகள் யாவை, எங்கே தவறு நேரக்கூடும், கீழ் வகுப்புக்கும் மேல் வகுப்புக்கும் எப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தலைப்பு உண்டு. அலுவலகப் படிவம் போலத் தோன்றியதால் பாதியை நான் நிரப்பாமலே விட்டிருந்தேன். நறுக்கிய பாட்டிலின் விளிம்பு விரலைக் கிழிக்கும், ஆகவே ஒட்டுநாடா சுற்ற வேண்டும் என்பதையும், ஐம்பது நிமிடம் என்று நான் போட்ட கணக்கில் மணலைத் துடைத்து மேசையைச் சுத்தம் செய்யும் நேரம் சேரவில்லை என்பதையும் இரண்டாம் வரைவில்தான் சேர்த்தேன்.

அனுப்பிய பிறகு, பாடத்தை ஆய்வு செய்தவர்களிடமிருந்து வந்த முதல் கேள்வி, "இதில் பொறியியல் எங்கே இருக்கிறது?" என்பதுதான். பொறியியல் படித்தவனிடம் இப்படிக் கேட்கலாமா என்று சற்றே கோபம் வந்தது உண்மை. யோசித்துப் பார்த்தபோது அவர்கள் சொன்னது சரிதான். அடுக்கும் வரிசையை நானே சொல்லிவிட்டதால், மாணவர்கள் சமையல் குறிப்பைப் பின்பற்றுவதைப் போல ஒரு செய்முறையைச் செய்தார்களேயன்றி, எதையும் வடிவமைக்கவில்லை. மூன்றாம் வரைவில் வரிசையை நீக்கிவிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலை வைத்து, குழுவுக்கு ஒரு தொகையைக் கொடுத்து, தெளிவான நீரை விரைவாகத் தரும் வடிகட்டியை உருவாக்கச் சொன்னேன். நுண்மணலைக் கூட்டினால் நீர் தெளியும், ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். கூழாங்கல்லைக் கூட்டினால் விரைவாக இறங்கும், ஆனால் கலங்கல் போகாது. இவ்விரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று குழந்தைகள் சண்டையிட்டுக்கொண்டதையும், சோதித்துப் பார்த்துவிட்டு மீண்டும் பிரித்து அடுக்கியதையும் பார்த்த பிறகே அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு விளங்கியது. தெளிந்த நீரில் கிருமிகள் இருக்கும், குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கை மூன்று வரைவுகளிலும் இருந்தது என்பதையாவது சொல்லிக்கொள்ளலாம்.

எந்த வகுப்பில் எதைக் கற்பிக்க வேண்டும் என்று மாநிலம் வகுத்த கல்வித் தரநிலைகளோடு பாடத்தைப் பொருத்துவதே எனக்கு மிகவும் சலிப்பூட்டிய வேலை. ஆனால் ஆசிரியர்கள் தேடுவது அந்த வழியில்தான் என்பதால் அதைத் தவிர்க்க முடியாது.

மறுமொழி:

ஐயா, நான் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை. அந்த நூலகத்திலுள்ள வடிகட்டிப் பாடம் ஒன்றை, அது உங்களுடையதா என்று தெரியாது, தமிழில் சொல்லி என் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் அடங்காததால் இரண்டு நாளாகப் பிரித்தேன். மீன்தொட்டிக் கரிக்கு இங்கே வழியில்லை. ஆனால் சீமைக்கருவேலங்கரிக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. அது மூட்டம் போட்டு எடுத்த சாதாரணக் கரி என்பதால் நிறத்தையும் வாடையையும் கடைக்கரி அளவுக்கு ஈர்ப்பதில்லை, அதையும் குழந்தைகளே கண்டுபிடித்தார்கள்.

நான் எதிர்பாராதவை இரண்டு நடந்தன. ஒரு மாணவன், வடிகட்டினால் எங்கள் கிணற்று நீரின் உப்பு போய்விடுமா என்று கேட்டான். ஊற்றிக் காட்டினோம், போகவில்லை. கரைந்திருப்பதற்கும் மிதந்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் புத்தகத்திலிருந்து நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். உப்பைப் பிரிக்க எங்கள் மாவட்டத்து நரிப்பையூரில் ஏன் ஓர் ஆலையே கட்ட வேண்டியிருந்தது என்ற கேள்வி அன்றுதான் வகுப்பில் எழுந்தது. இரண்டாவதாக, ஒரு குழு தன் பாட்டியிடம் கேட்டுத் தேத்தாங்கொட்டை கொண்டுவந்தது. ஊருணி நீரை எடுத்துவரும் மண்பானையின் உட்புறத்தில் அதைத் தேய்த்துவிட்டால் சேறு அடியில் படிந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முதலில் தெளியவைத்துப் பிறகு வடிகட்டிய அவர்களுடைய நீரே எல்லாவற்றிலும் தெளிவாக இருந்தது. கொடுத்த பட்டியலில் இல்லாத பொருளைப் பயன்படுத்தியதால் அவர்களை வெற்றி பெற்றவர்களாக அறிவிக்கலாமா என்று மற்ற குழுக்கள் வழக்குத் தொடுத்தன. நான் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.

மறுமொழிக்கு மறுமொழி:

அம்மா, பெரிய நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் வடிகட்டுவதற்கு முன் படிகாரம் சேர்ப்பதும், தேத்தாங்கொட்டையைப் போலவே, கலங்கலைப் படியவைக்கத்தான். அந்த முதல் படியை என் பாடத்தில் நான் முற்றிலும் விட்டுவிட்டேன். எத்தனை குடம் நீருக்கு எத்தனை கொட்டை, எத்தனை முறை தேய்த்தார்கள், படிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை அந்தக் குழுவிடம் கேட்டு எழுத முடியுமா? விலைப்பட்டியலில் அதற்கு என்ன விலை வைக்கலாம் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.