இரண்டாம் எண்ணில் இருப்பவர் யார்? கட்டளை தட்டி இயக்கும் முகவரிப் புத்தகத்தில் நமக்கு நேர்ந்தவை

ஒற்றைவிரல்:

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

நான் வைத்திருப்பது அட்ரஸ்புக் லெவல் 3. ஜாவாவில் எழுதப்பட்டது. மென்பொருள் பொறியியல் படிக்கும் மாணவர்கள் பிரித்துப் பார்த்து, மாற்றி எழுதிப் பழகுவதற்காகவே உருவான நிரல். ஜன்னல், பட்டியல் எல்லாம் இருந்தாலும் அவை கண்ணுக்கு மட்டும்தான். வேலை முழுவதும் மேலே இருக்கும் ஒற்றை வரிப் பெட்டியில் நடக்கிறது. சேர்க்க ‘ஆட்’, தேட ‘ஃபைண்ட்’, திருத்த ‘எடிட்’, நீக்க ‘டெலீட்’. பெயருக்கு முன்னால் ‘என்’ எழுத்தும் சாய்கோடும், தொலைபேசி எண்ணுக்கு முன்னால் ‘பி’ எழுத்தும் சாய்கோடும் போட வேண்டும். இரண்டு நாளில் விரல்களுக்கு மனப்பாடமாகிவிட்டது. தட்டியது தப்பாக இருந்தால் எழுத்து சிவப்பாகி அப்படியே நிற்கும். திருத்தி மறுபடி அனுப்பலாம். இந்த ஒரு குணத்துக்காகவே அதன் மேல் எனக்குப் பிரியம்.

ஒருநாள் நண்பர் ஒருவரின் எண்ணை மாற்ற வேண்டியிருந்தது. தேடினேன். மூன்று பேர் வந்து நின்றார்கள். முதலாமவர்தான் நண்பர். இரண்டாவது பதிவும் அவருடையதே; எப்போதோ பெயரைச் சற்று மாற்றித் தட்டியதால் இரட்டிப்பாகியிருந்தது. ‘எடிட் 1’ போட்டு எண்ணைத் திருத்தினேன். அடுத்த நொடியே ‘டெலீட் 2’ தட்டி என்டரை அழுத்தினேன். திரையைப் பார்க்கவே இல்லை.

போனது இரட்டைப் பதிவு இல்லை, என் பல் மருத்துவர்.

காரணம் சாதாரணமானது. எண் என்பது அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் பட்டியலில் ஒருவர் நிற்கும் இடம், அவ்வளவுதான். திருத்தி முடித்ததும் நிரல் தேடல் முடிவை விட்டுவிட்டு முழுப் பட்டியலைக் காட்டிவிடுகிறது. என் மனத்தில் இன்னும் அந்த மூன்று பேர்தான் இருந்தார்கள். முழுப் பட்டியலில் இரண்டாவதாக இருந்தவர் மருத்துவர். ‘உறுதியா?’ என்று ஒரு கேள்வி கிடையாது, செய்ததைத் திரும்பப் பெறும் கட்டளையும் கிடையாது. குற்றம் என்னுடையதுதான், நிரலுடையது அல்ல.

ஒரு நல்ல காலம்: நீக்கியதும் கீழே வரும் செய்தியில் நீக்கப்பட்டவரின் பெயர், எண், மின்னஞ்சல், முகவரி எல்லாம் முழுதாக இருக்கும். அடுத்த கட்டளை தட்டும்வரை அது அழியாது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, பேனாவைத் தேடி, காகிதத்தில் எழுதிக்கொண்டு, பிறகுதான் மூச்சு விட்டேன்.

பின்வரிசை:

ஒற்றைவிரல், நீங்கள் ஒருவரோடு தப்பித்தீர்கள். நான் மொத்தத்தையும் போக்கடித்தவன்.

அதற்கு முன்னால் இரண்டு சில்லறை அனுபவங்கள். நான்கு பேர் இருந்த பட்டியலில் 2, 4 ஆகியோரை நீக்க நினைத்தேன். 2 போனதும் நான்காமவர் மூன்றாம் இடத்துக்கு ஏறிவிட்டார். ‘டெலீட் 4’ என்றால் அப்படி ஓர் எண்ணே இல்லை என்கிறது. ஐந்து பேர் இருந்திருந்தால் சத்தமில்லாமல் வேறொருவர் போயிருப்பார். அன்றிலிருந்து கீழேயிருந்து மேலேதான் நீக்குகிறேன். இரண்டாவது, குறிச்சொல்; ஒருவர் பதிவோடு நாம் ஒட்டி வைக்கும் சிறு அடையாளச் சொல். ஏற்கெனவே மூன்று குறிச்சொல் இருந்தவருக்கு எடிட் வழியாக நான்காவதைச் சேர்த்தேன். பழைய மூன்றும் காணாமல் போய் புதியது மட்டும் நின்றது. எடிட் குறிச்சொல்லைக் கூட்டாது, மொத்தமாக மாற்றும். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். யார் படித்தோம்?

இனி பெரிய கதை. தரவெல்லாம் ஒரு ஜேசன் கோப்பில், அதாவது பதிவுகளைக் காற்புள்ளி போட்டுப் பிரித்து எழுதும் கோப்பில் இருக்கிறது. நோட்பேடில் திறந்தால் சாதாரண எழுத்துதான். ஐம்பது அறுபது பேரின் மின்னஞ்சலில் ஒரே மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் எடிட் போடச் சோம்பல்பட்டு, கோப்பையே திறந்து தேடி மாற்றினேன். கூடவே கடைசியில் இருந்த ஒருவரை நீக்கினேன். அவருக்கு முன்னால் இருந்த காற்புள்ளி அங்கேயே நின்றுவிட்டது. கடைசிப் பதிவுக்குப் பின்னால் காற்புள்ளி நின்றால் ஜேசன் வடிவம் கெட்டதாகிவிடும்.

நிரலைத் திறந்தேன். பட்டியல் வெறுமை. கோப்பின் வடிவம் கெட்டிருந்தால் அதை ஒதுக்கிவிட்டு வெறும் புத்தகத்தோடு தொடங்குவது அதன் வழக்கம். அந்த நிமிடத்தில் கோப்பு வட்டில் பத்திரமாகத்தான் இருந்தது. ஜன்னலின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடியிருந்தால் பிழைத்திருப்பேன். நானோ, ‘ஐயோ, எதையும் தொடக் கூடாது, ஒழுங்காக வெளியேறிவிடுவோம்’ என்று ‘எக்ஸிட்’ என்று தட்டினேன். ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் இந்த நிரல் சேமிக்கும். எக்ஸிட்டும் ஒரு கட்டளை. வெறும் பட்டியலை அக்கறையாகச் சேமித்துவிட்டு வெளியேறியது.

இப்போது கோப்பைத் தொடுமுன் அதற்கு ஒரு நகல் எடுத்து, பெயரோடு தேதியையும் சேர்த்து வைக்கிறேன்.

புள்ளிமயிலான்:

இருவரும் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் தமிழில் வைக்க ஆசைப்பட்டேன்.

அந்த நிரலில் பெயர் என்றால் ஆங்கில எழுத்து, எண், இடைவெளி மட்டும்தான். முதலெழுத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தால்கூட மறுத்துவிடும். தொலைபேசி எண்ணிலும் அப்படித்தான்: இலக்கங்கள் மட்டும், குறைந்தது மூன்று, நாட்டுக் குறியீட்டுக்கு முன்னால் கூட்டல் குறி போட முடியாது. மாற்றி எழுதுவதற்கென்றே இருக்கும் நிரல்தானே என்று நானே திறந்தேன். பெயரைச் சரிபார்க்கும் வரியில் ‘எந்த மொழி எழுத்தானாலும் சரி’ என்று மாற்றினேன். ‘கமலா’ என்று தட்டினால் மறுபடி சிவப்பு. ‘வசந்த்’ என்றாலும் சிவப்பு.

அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு புரிந்தது. யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் ஓர் எண்ணைத் தரும் முறை, அதன் கணக்கில் க, ம, ல எல்லாம் எழுத்து. ஆனால் துணைக்காலும் கொம்பும் புள்ளியும் எழுத்து அல்ல, ‘குறி’ என்ற வேறு வகுப்பு. அதாவது என் முகவரிப் புத்தகத்தில் இடம் பிடிக்க வேண்டுமானால் ஒருவர் பெயரில் காலும் இருக்கக் கூடாது, கொம்பும் இருக்கக் கூடாது, ஒற்றும் இருக்கக் கூடாது. எனக்குத் தெரிந்தவர்களில் அப்படி ஒருவரும் இல்லை. குறிகளின் வகுப்பையும் சேர்த்த பிறகுதான் கமலா உள்ளே வந்தார்.

அத்தோடு விட்டதா? ‘கோமதி’ பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறார். தேடினால் இல்லை என்கிறது. ‘கோ’வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடாகவும் எழுதலாம். பார்வைக்கு மயிரிழை வித்தியாசம் கிடையாது. வேறொரு கோப்பிலிருந்து ஒட்டிய பெயர் ஒரு வகை, நான் தட்டியது இன்னொரு வகை. சேர்க்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் போதும். ஜாவாவிலேயே நார்மலைசர் என்று அதற்கு வசதி இருக்கிறது. இரண்டு வரி வேலை. கண்டுபிடிக்கத்தான் ஒரு வாரம் ஆனது.

கறுப்புத்திரை:

நான் ஜன்னலே இல்லாத ஆள். கட்டளை மட்டும் தட்டும் டெர்மினலில் கார்ட் (khard) என்ற முகவரிப் புத்தக நிரல், பைத்தானில் எழுதியது. ஒருவருக்கு ஒரு விகார்ட் (தொடர்பு விவரங்களைப் பரிமாறும் பொது வடிவம், vCard) கோப்பு என்று ஒரு அடைவு முழுக்க அடுக்கி வைத்திருக்கிறேன். அதனால் பின்வரிசை சொன்ன காற்புள்ளி விபத்து என்னிடம் நடந்தால் ஒருவர் கெடுவார், ஊரே காலியாகாது. பட்டியலில் வரிசை எண்ணோடு ஒவ்வொருவருக்கும் மாறாத அடையாளக் குறியும் வரும். நீக்கும்போது நான் அதைத்தான் தருகிறேன்.

எனக்கும் தமிழால் ஒரு தலைவலி. விகார்டில் நீண்ட வரிகளை 75 பைட்டுக்குள் மடித்து எழுதுவது வழக்கம். யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு. நீளமான முகவரி 25 குறியீட்டிலேயே மடிப்பைத் தொட்டுவிடும். வேறொரு நிரலிலிருந்து ஏற்றிய கோப்பில் மடிப்பு சரியாக ஓர் எழுத்தின் வயிற்றில் விழுந்திருந்தது. தெருப் பெயரின் நடுவில் கேள்விக்குறிக் கட்டம். 2011இல் வந்த விகார்ட் 4.0 விதி, பல பைட்டு எழுத்தைப் பிரிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. விதி படித்து எழுதாதவர்களை என்ன செய்வது?

மாடிப்படி:

எங்கள் வீட்டில் அட்ரஸ்புக்கை அதிகம் பயன்படுத்துவது அப்பா. அந்தக் காலத்துத் தட்டச்சர். மவுஸைப் பிடித்தால் கை நடுங்குகிறது. கட்டளை என்றதும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். ஒரே குறை, ‘ஹெல்ப்’ என்று தட்டினால் சின்ன ஜன்னலில் கையேட்டின் இணைய முகவரி மட்டும் வருகிறது. “உதவி கேட்டு வந்தவனிடம் விலாசத்தைக் கொடுத்து அனுப்புகிறான் பார்” என்று இன்றும் முணுமுணுக்கிறார்.

ஒற்றைவிரல்:

புள்ளிமயிலான், அந்த இரண்டு வரியை முடிந்தால் தனியாக அனுப்புங்கள். பின்வரிசை சொன்ன நகலை இன்றே எடுத்துவிட்டேன்.

பல் மருத்துவரைக் காகிதத்திலிருந்து பார்த்து மறுபடி சேர்த்தாயிற்று. எண் சரிதானா என்று அழைத்தும் பார்த்தேன், சரிதான். குறிச்சொல்லில் ஆங்கில எழுத்தில் ‘பல்’ என்று போட்டுவிட்டு அதை வைத்துத் தேடினேன், வரவில்லை. ஃபைண்ட் பெயரை மட்டும்தான் பார்க்குமாம், அதுவும் முழுச் சொல்லாக இருந்தால்தான். அதனால் பெயரோடேயே ‘பல்’ என்று ஒட்டிவிட்டேன். அகர வரிசையெல்லாம் இங்கே கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர் என்பதால் இரண்டாம் இடத்திலிருந்தவர் இப்போது கடைசியில் இருக்கிறார். இரண்டாம் எண்ணுக்கு என் மைத்துனர் ஏறியிருக்கிறார்.