புதுப்பிப்பு: இளம் தேக்கு மரங்களில் கலைப்பும் கவாத்தும்

நெருக்கமாக வளர்ந்துவிட்ட இளம் தேக்கு மரங்களில் முதலில் கவாத்துச் செய்வதா (பக்கக் கிளைகளை வெட்டுவதா), கலைப்பதா (சில மரங்களை வெட்டி மற்றவற்றுக்கு இடம் விடுவதா) என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். கலைப்பையே முதலில் முடிக்கும்படி பலரும் சொன்னீர்கள். வெட்டப்படவிருக்கும் மரத்துக்குக் கவாத்துக் கூலி வீண் என்ற வாதம் சரியாகப் பட்டதால் அவ்வாறே செய்தேன்.

வளைந்தவை, அடியிலேயே இரண்டாகப் பிரிந்தவை, அண்டை மரங்களின் நிழலில் அமுங்கியவை ஆகியவற்றுக்கு மட்டும் சுண்ணாம்புக் குறியிட்டு அகற்றினோம். ஒரே மூச்சில் பாதியை எடுத்துவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. நெருக்கத்தில் ஒல்லியாக உயர்ந்த மரங்கள் திடீரெனத் தனித்து நின்றால் காற்றில் சாயக்கூடும் என்பதோடு, தண்டில் வெளிச்சம் பட்டதும் பட்டைக்கடியில் உறங்கிக்கிடக்கும் மொட்டுகள் துளிர்த்து, மீண்டும் கவாத்து வேலையைக் கூட்டிவிடும்.

பிறகு நிற்கும் மரங்களில் கவாத்துச் செய்தபோது, கிளை தண்டோடு சேருமிடத்திலுள்ள புடைப்பைக் காயப்படுத்தாமல், அதற்குச் சற்று வெளியே ரம்பத்தால் அறுத்தோம். கனத்த கிளையாயின் முதலில் அடிப்பக்கத்தில் ஒரு வெட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையெனில் கிளை முறிந்து விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். மரத்தின் மேல்பாதியிலுள்ள கிளைகளைத் தொடவில்லை.

கலைப்புக்குப் பின் தரையில் வெயில் விழுவதால் புல் முன்னிலும் வேகமாக எழுகிறது. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஏறத்தாழ 1 மீட்டர் அகல வட்டத்தில், மேல்வேர்கள் அறுபடாதபடி மேலோட்டமாகக் கொத்திக் களையெடுக்கிறோம். தண்டில் ஏறும் கொடிகளை உடனுக்குடன் அறுக்கிறோம். கிளைத்தலைகள் மறுபடி ஒன்றோடொன்று உரசத் தொடங்கும்போது அடுத்த கலைப்பைத் தொடங்குவேன்.