குதிரையின் 'விதர்ஸ்': தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

செ. எழுதியது:
வணக்கம். கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்களுக்காகச் சேணம் பொருத்துவது பற்றி ஒரு துண்டறிக்கையை மொழிபெயர்க்கிறேன். கழுத்து முடிந்து முதுகு தொடங்குமிடத்தில் புடைத்து நிற்கும் பகுதிதான் விதர்ஸ். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் அதற்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். அறிக்கையின் முதல் வரியே இதுதான், அதிலேயே நிற்கிறேன். 'திமில்' போடலாமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

வ. எழுதியது:
கூடாது. காளையின் திமில் தசையும் கொழுப்பும். குதிரைக்கு அங்கே இருப்பது முதுகெலும்பின் நீண்ட முட்கள். அதன்மேல் சேணம் அமர்ந்தால் புண்தான். 'தோள்முகடு' என்பேன்.

கு. எழுதியது:
முகடு கூரைக்கு உரியது. சங்கப் புலவர் காளைக்கு 'இமில்' என்றார்கள். குதிரைக்கும் அதுவே போதும். திமில் என்றால் பரதவர் படகும்கூட. கவிழ்த்துப் போட்ட படகின் முதுகைப் பாருங்கள், இரண்டும் ஒரே வேர் என்பது என் நெடுநாள் ஐயம்.

வ. எழுதியது:
ஐயா, குதிரைமேல் படகைக் கவிழ்க்காதீர்கள். செ.க்கு வெள்ளிக்கிழமை கெடு.

ம. எழுதியது:
கால்நடை மருத்துவ வகுப்பில் நான் 'விதர்ஸ்' என்றே சொல்கிறேன், பிள்ளைகளுக்குப் புரிகிறது. குதிரையின் உயரத்தை அளப்பதும் அங்கேதான். எனக்குத் தலைவலி அந்த அளவைதான். 4 அங்குலம் ஒரு 'ஹேண்ட்'. 'கை' என்றால் முழமா என்கிறார்கள். 'பிடி' சரியா? அதிலும் 14.2 என்றால் பதினான்கும் இரண்டு அங்குலமும். தசமப் புள்ளி அல்ல.

கு. எழுதியது:
பிடி பெண்யானை. குதிரையை யானையால் அளப்பதா?

செ. எழுதியது:
நேற்று ஏரிக்கரைக்கே போய்விட்டேன். ஒரு பெரியவர் தன் பழுப்புக் குதிரையின் சேணத்தை இறக்கிக் காட்டினார். அந்த இடத்தில் இருபுறமும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை மயிர். "இந்த மேட்டுலதாங்க ஜீனி கடிக்குது" என்றார். சேணத்தைத்தான் ஜீனி என்கிறார். வியர்வையில் முதுகெல்லாம் நனைந்திருக்க, வெள்ளைக்குக் கீழே மட்டும் இரண்டு காய்ந்த திட்டுகள். அழுத்தம் அதிகமாக விழும் இடத்தில் வியர்க்காது என்று அறிக்கையில் படித்ததைக் கண்ணால் பார்த்தேன். கடிக்கிறதே என்று அடியில் சாக்கை மடித்து வைத்திருக்கிறார். சேணத்தின் சட்டமே குறுகல். இறுக்கமான செருப்புக்குள் இன்னொரு காலுறை போட்ட கதை. அதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு டீ நேரம் ஆனது. இமில், முகடு எதுவும் தேவைப்படவில்லை. 'தோள்மேடு' என்று போட்டு, படத்தில் அம்புக்குறியும் போடுகிறேன்.

வ. எழுதியது:
முகடு போயிற்று, தோளாவது மிஞ்சியது. சம்மதம்.

ம. எழுதியது:
சரி. வகுப்பில் விதர்ஸ்தான்.

கு. எழுதியது:
குப்பை கொட்டுகிற இடமும் மேடுதான். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'ஜீனி' பாரசீகம், அதையும் அச்சேற்றப்போகிறீர்களா?

செ. எழுதியது:
தலைப்பில் சேணம், உள்ளே ஜீனி. அடுத்த சிக்கல்: சேணத்தின் அடியில் முதுகெலும்பு படாமலிருக்க நடுவே நீளமாக ஒரு பள்ளம் விடுவார்களே, ஆங்கிலத்தில் அதற்குத் தொண்டை என்று பெயர். நாளை மதியத்துக்குள் யாராவது சொல்லுங்கள்.

கு. எழுதியது:
மிடறு.