பெண் என்பதால் மறுக்கப்பட்டவை: நீதிமன்றப் படியேறிய அனுபவங்கள்

திருமங்கலம் வட்டத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை:

எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். எனக்குத் திருமணம் நடந்தது 1986இல்; தங்கைக்கு 1991இல். இந்த ஐந்தாண்டு இடைவெளி சொத்துரிமையில் எங்கள் இருவரையும் வெவ்வேறு சாதியாக்கிவிடும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம் 25.3.1989 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே மணமாகிப் போன பெண்களுக்கு அந்த உரிமை இல்லை. ஒரே தகப்பனுக்குப் பிறந்த இருவரில் தங்கை பங்குதாரர் ஆனாள். நான் அப்பாவின் பங்கில் மட்டும் ஒரு துண்டுக்கு உரியவள் ஆனேன்.

அப்பா 2001இல் காலமானார். கருமாதி முடிந்த கையோடு, ஆவண எழுத்தர் ஒருவர் தட்டச்சு செய்து வைத்திருந்த, சொத்தில் எங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமாறு தம்பிகள் கேட்டார்கள். “உனக்கு நகை போட்டோம், சீர் செய்தோம், இனி என்ன இருக்கிறது அக்கா?” என்று பெரியவன் கேட்டபோது, அதில் கோபத்தைவிட வியப்பே மிகுந்திருந்தது; நான் கேட்பேன் என்பதை அவன் எண்ணிக்கூடப் பார்த்திருக்கவில்லை. தங்கை கையெழுத்திட மறுத்தாள். அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் மறுத்தேன். பாகப்பிரிவினை வழக்கு அப்படித்தான் தொடங்கியது.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே சட்டம் எங்கள் காலடியில் மாறிக்கொண்டிருந்தது. அதே சட்டத்தில் 9.9.2005 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம், மகள் மணமானவளா இல்லையா என்ற பேதத்தை நீக்கியது. நான் மகிழ்ந்தேன். பிறகு 2015இல் பூலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதியில் தகப்பனும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. எங்கள் அப்பா அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டாரே! வாய்தாவுக்கு வாய்தா எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தத் தீர்ப்பையே நீட்டினார். 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, உரிமை பிறப்பால் வருவது, தகப்பன் உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டே அன்று எனத் தீர்த்து வைத்தது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை ஆகியிருந்தாலும் புதிய உரிமைக்கு ஏற்பப் பங்குகளைத் திருத்த வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. “அப்பா இருக்கும்போதே வாய்ப்பேச்சில் பிரித்தாகிவிட்டது” என்ற தம்பிகளின் வாதமும் எடுபடவில்லை. 20.12.2004க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ நடந்த பிரிவினைக்கே பாதுகாப்பு உண்டு. வாய்மொழிப் பிரிவினை என்றால் அதற்கு அரசு ஆவணங்களின் வலுவான ஆதாரம் வேண்டும். அவர்களிடம் அப்படி எதுவும் இல்லை.

எனக்குக் கிடைத்தது கொஞ்சம் மானாவாரி நிலம். இழந்ததையும் எழுதித்தான் ஆக வேண்டும். என் பேத்தியின் காதணி விழாவுக்குத் என் பிறந்த வீட்டுச் சீர் என்று யாரும் வரவில்லை. மேளம் முழங்கச் சீர்த்தட்டுகள் வரிசையாக வரும் எங்கள் பக்கத்தில், அந்த இடம் வெறுமையாக இருப்பதை மண்டபம் முழுவதும் பார்க்கும். சட்டத்தில் இருக்கிற பங்கைப் பெண்கள் ஏன் கேட்பதில்லை என்று வியப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒத்தக்கடையிலிருந்து, வழக்கறிஞர்:

திருமங்கலம் அம்மா எழுதியதைப் படித்தேன். தீர்ப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வெற்றிகள் என்றே பலரும் நினைக்கிறார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தொழில் செய்யும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1979இல் முத்தம்மா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியுறவுப் பணியில் இருக்கும் பெண், திருமணத்துக்கு முன் அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு எனக் கருதினால் அரசு அவரைப் பதவி விலகச் சொல்லலாம் என்று விதி இருந்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகச் சாடினார். ஆனால் அதற்குள் அரசு முத்தம்மாவுக்குப் பதவி உயர்வு கொடுத்து, விதியையும் கைவிட்டிருந்ததால், மனு தள்ளுபடி ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கு வந்தது. முதல் கர்ப்பத்திலேயே வேலையிலிருந்து நீக்கும் விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது; ஆனால் பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் மணம் செய்யக் கூடாது என்ற விதி நியாயமானதே என்று விட்டுவிட்டது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அது நல்லது என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதே கட்டுப்பாட்டை ஆண்களுக்கும் விதித்து நாட்டு நலனைப் பெருக்கலாமே என்று அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

பழைய திருவிதாங்கூர்க் கிறித்தவப் பெண்களின் நிலை இன்னும் மோசம். உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால், மகனின் பங்கில் கால்பகுதி அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. அதை மேரி ராய் 1986இல் உச்ச நீதிமன்றத்தில் உடைத்தார். பெண்களைக் ‘காப்பாற்றுவதற்காக’ என்று சொல்லி வேலையை மறுக்கும் சட்டங்களைத் தனிக்கண்ணோடு சோதிக்க வேண்டும் என்ற பார்வை, மது விற்கும் இடங்களில் பெண்கள் வேலை செய்யத் தடை விதித்த பஞ்சாப் சட்டம் குறித்த அனுஜ் கார்க் தீர்ப்பில்தான் தெளிவாக வந்தது. அரசியலமைப்பின் பதினைந்தாம் பிரிவு 1950 முதலே இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப்பக்கத்துக்கு வருகிறேன். 24.7.2004 அன்று மதுரைக் கிளை திறக்கப்படுவதற்கு முன், குமரி மாவட்டத்துப் பெண் ஒருவர் அதிகாரிகளின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டுமானால் சென்னைக்குத்தான் போக வேண்டும். கிளை வந்த பிறகு, அதுவரை யாரும் வழக்காக நினைத்திராதவையெல்லாம் வழக்காக வந்தன. உசிலம்பட்டி வட்டத்து நல்லுத்தேவன்பட்டியில், தகப்பனுக்குப் பின் துர்க்கையம்மனுக்குப் பூசை செய்த மகளைப் பெண் என்று சொல்லித் தடுத்தார்கள். பெண் பூசாரியாக இருப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2008இல் நீதிபதி கே. சந்துரு தீர்ப்பளித்தார். அம்மனுக்குப் பெண் பூசை செய்தால் குற்றம் என்ற வாதம், மீனாட்சி பட்டம் சூடி நான்கு மாதம் ஆளும் ஊருக்கு அருகிலேயே எழுந்தது! 2019இல் தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தபோது, இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ திருநங்கையையும் குறிக்கும் என நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இதே கிளையில் தீர்ப்பு வழங்கினார். அன்று மாலை நீதிமன்ற வளாகத் தேநீர்க் கடையில் அதைப் பற்றித்தான் பேச்சு. மூத்த வழக்கறிஞர் ஒருவர் ஒப்புக்கொள்ளாமலேயே எழுந்து போனார்.

செல்லூரிலிருந்து, முன்னாள் ஆலைத் தொழிலாளி:

நான் சட்டம் படித்தவள் அல்ல. இரவு ஏழு மணி முதல் காலை ஆறு மணி வரை பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்ற பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் ரத்து செய்தபோது, நான் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங்கில் இருந்தேன். அதைக் கேட்டு எங்களில் பாதிப் பேர் மகிழ்ந்தோம், பாதிப் பேர் பயந்தோம். பாதுகாப்பும் வண்டி வசதியும் இருக்க வேண்டும் என்பது தீர்ப்போடு சேர்ந்தது. எங்கள் ஆலையில் இரவு ஷிப்ட் உடனே வந்தது. வேன் வருவதற்குச் சங்கம் வாயிற்கூட்டம் போட வேண்டியிருந்தது. நிரந்தரத் தொழிலாளி இல்லை என்று சொல்லி, உடன் வேலை பார்த்த பெண்ணுக்குப் பேறுகாலச் சம்பளத்தை மறுத்தபோது, தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் அது உண்டு என்று அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் நகலை வைத்துத்தான் பேசினோம். வழக்குப் போடாமலேயே பணம் வந்தது.

மேலூரிலிருந்து, கல்லூரி மாணவி:

திருமங்கலம் அம்மாவிடம் ஒரு கேள்வி. என் அம்மாவையும் அடுத்த வாரம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமாக்களைப் பகைத்துக்கொள்ள அம்மாவுக்கு மனமில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமும் இல்லை. என்ன செய்யலாம்?

திருமங்கலம் வட்டத்திலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை:

விட்டுக்கொடுப்பதும் உன் அம்மாவின் உரிமைதான், கண்ணு. ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். பத்திரத்தின் நகலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் பதிவு அலுவலகத்துக்குப் போகவே வேண்டாம். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அம்மாவை அழைத்துப் போ. தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நிலத்தின் சர்வே எண் மூன்றையும் எடுத்துக்கொள்.