காதில் இம்ப்ளான்ட் வைத்த பிறகு பேச்சு "புரிந்த" அந்த நிமிஷம்: உங்கள் அனுபவம்?

தாமிரபரணி:
கருவியை முதல்முறை இயக்கும் ஸ்விட்ச் ஆன் கதை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். பேரன் எடுத்த வயதில் காது போய், ஒலியை மின்துடிப்பாக்கிக் காது நரம்புக்குக் கொடுக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவள் நான். ஆரம்பத்தில் எல்லார் குரலும் கீச்கீச்தான். மகள் பேசினாலும் மருமகன் பேசினாலும் வித்தியாசம் தெரியாது. சில மாதம் போனது. ஒருநாள் குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் தோசைக்கல்லைத் தேய்க்கிறேன். முதுகுக்குப் பின்னால் "அம்மா, பால் பொங்குது!" அடுப்பை அணைத்த பிறகுதான் உறைத்தது, உதட்டைப் பார்க்காமலே புரிந்திருக்கிறது என்று. குரல் அப்போதும் அதே கீச்தான். கருவியின் மின் அளவுகளைச் சரிசெய்யும் மேப்பிங்கும் சமீபத்தில் மாற்றவில்லை. அப்படியென்றால் எது மாறியது?

கரிசல்மண்:
மேப்பிங்தான் எல்லாம். முன்னால் மாற்றியது இப்போது வேலை செய்கிறது, அவ்வளவுதான். எங்கள் அண்ணனுக்கு வேறு ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அளவைச் சரிசெய்தார். மறுநாள் காலையில் தெருவில் கீரைக்காரம்மா கூவியதும் "அரைக்கீரை இருக்கான்னு கேளு" என்றார். அண்ணி அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "மூளை பழகும், பழகும்" என்று சொல்லியே முந்தைய இடத்தில் மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

வேப்பம்பூ:
கரிசல்மண் அண்ணா, உங்கள் கோபம் நியாயம். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். நல்ல காதில் ஒலியை நரம்புக்கு அனுப்பும் உள்வரிசை மயிர்செல்கள் சுமார் 3,500. இம்ப்ளான்ட்டில் பெரும்பாலும் நரம்பைத் தூண்டும் 12 முதல் 22 மின்முனைகள்தான். எவ்வளவு நன்றாக மேப்பிங் செய்தாலும் மிச்சத்தை மூளைதான் இட்டு நிரப்ப வேண்டும்.

ஆடியாலஜி படித்தபோது வகுப்பில் ஒரு பதிவைப் போட்டார்கள். இம்ப்ளான்ட்டில் கேட்பதுபோலப் பேச்சைச் சில அலைவரிசைப் பட்டைகளாகச் சுருக்கி, இரைச்சலாக மாற்றியது. ஒன்றும் புரியவில்லை. மேடம் அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதிவிட்டு அதையே மறுபடி போட்டார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 2005இல் பேச்சு ஆய்வாளர் மாத்யூ டேவிஸ் குழு வெளியிட்ட ஆய்வும் இதுதான்: நல்ல காது உள்ளவர்களே முதலில் கிட்டத்தட்ட ஒரு சொல்லைக்கூடப் பிடிக்கவில்லை, 30 வாக்கியம் கேட்பதற்குள் 70 சதவீதம் பிடித்தார்கள். என்ன சொல்லப்படுகிறது என்று தெரிந்துகொண்டு கேட்டவர்கள் இன்னும் சீக்கிரம் பழகினார்கள்.

பழவேற்காடு:
எனக்கு அது பஸ்ஸில் நடந்தது, கண்டக்டர் "உள்ளே போங்க" என்றது புரிந்தது. அதை விடுங்கள், புதிதாக வைத்தவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் ஒருவர் தினத்தாளைச் சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் அதே வரியில் விரலை வைத்துக்கொண்டு கேளுங்கள். வேப்பம்பூ சொன்ன பலகை விஷயம் இதேதான். பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார விடாதீர்கள். டிவியை அணையுங்கள். கத்தச் சொல்லாதீர்கள், கத்தினால் உதட்டசைவும் கோணிப்போகும். சாயங்காலம் தலை கனத்தால் கொஞ்ச நேரம் வெளியே மாட்டும் பிராசசரைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். இப்படிக் கேட்பது பெரிய உழைப்பு, வீட்டில் இருப்பவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தாமிரபரணி:
வேப்பம்பூ, இத்தனை நாள் மண்டையைக் குடைந்ததற்குப் பதில் கிடைத்தது. "பால் பொங்குது" எங்கள் வீட்டில் தினமும் கேட்கும் பேச்சுதானே! ஆனால் கல்யாண மண்டபத்தில் இன்னும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. நாதஸ்வரமும் வெறும் இரைச்சல்தான். யாருக்காவது பாட்டு திரும்ப வந்ததா?