எல்க் வேட்டைக்கு மலையேற 1,200 டாலர் போதுமா?

புதுவேடன்
டென்வர் பக்கம் வசிக்கிறேன். அக்டோபரில் நண்பனுடன் கொலராடோவின் ஃபிளாட் டாப்ஸ் வனப்பகுதிக்குள் ஐந்து நாள் தங்கி எல்க் (பெரிய மான் இனம்) வேட்டையாடத் திட்டம். உரிமமும் பழைய .30-06 ரைபிளும் கையில் இருக்கின்றன. கோடை மலையேற்றத்துக்கு வாங்கிய சிறிய முதுகுப்பையும் இருவர் கூடாரமும் உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,200 டாலர்தான் ஒதுக்க முடியும். கடையில் கேட்டால் பைக்கு மட்டுமே அதில் பாதிக்கு மேல் கேட்கிறார்கள். எதில் மிச்சம் பிடிக்கலாம்?

கொம்பன்
பையிலும் பூட்ஸிலும் கை வைக்காதீர்கள் தம்பி. பெரிய ஆண் எல்க் ஒன்றை எலும்பு நீக்கி எடுத்தால்கூட 200 பவுண்டு அளவுக்கு இறைச்சி தேறும். இருவர் சுமந்தாலும் ஆளுக்கு இரண்டு நடை. கூடாரமும் படுக்கையும் அதற்கு மேல். கடையில் 20 பவுண்டு போட்டுப் பார்த்தால் எந்தப் பையும் சுகமாகத்தான் இருக்கும். 60, 70 ஏற்றிய பிறகுதான் இடுப்புப் பட்டை நழுவுகிறதா, பாரம் முழுவதும் தோளில் இறங்குகிறதா என்பது தெரியும். ஸ்டோன் கிளேசியர், எக்ஸோ, கிஃபாரு நிறுவனப் பைகளில் முதுகுச் சட்டத்துக்கும் (ஃபிரேம்) பைக்கும் நடுவே இறைச்சியை வைத்து முதுகோடு இறுக்கிக் கட்ட முடியும். கொடுக்கும் விலை அதற்குத்தான்.

சிக்கனசிகாமணி
வந்துவிட்டார் கொம்பன், கடைக்காரரின் சம்பளமில்லாத விற்பனையாளர்! 1973இல் அமெரிக்க ராணுவம் கொண்டுவந்த ஆலிஸ் பையின் அலுமினியச் சட்டத்தில் இரண்டு தலைமுறை வேட்டைக்காரர்கள் எல்க் சுமந்திருக்கிறார்கள். அதற்குப் பின் வந்த மோலி பையின் பிளாஸ்டிக் சட்டமும் உபரிக் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. சட்டத்தை வாங்கு, நாலு பட்டை போட்டு இறைச்சியைக் கட்டு, நட. வருடத்தில் ஒரே ஒரு நாள் வரும் பாரத்துக்கு, அதுவும் வந்தால், 700 டாலரா? முதல் முறை போகிறவர்களில் பெரும்பாலோர் வெறும் பையோடுதான் இறங்குகிறார்கள்.

கொம்பன்
ஆலிஸ் சட்டம் குட்டையானது ஐயா. உயரமானவர் மாட்டினால் இடுப்புப் பட்டை விலாவுக்கு அருகில் போய் நிற்கும். பிறகு எடை முழுவதும் தோளுக்குத்தான். அந்த இரண்டு தலைமுறையின் முழங்கால்களையும் முதுகையும் விசாரித்துப் பார்த்தீர்களா? வெறும் பையோடு இறங்குவேன் என்று முடிவு செய்துவிட்டால் உரிமத்துக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?

அரோராவாசி
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இறைச்சி இழுக்கும் இரண்டு சக்கரக் கைவண்டி ஒன்று வாங்கினால் பைச் செலவே இல்லையே?

மலையரசி
ஃபிளாட் டாப்ஸில் அது செல்லாது. 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட வனப்பகுதிக்குள் எஞ்சின் மட்டுமல்ல, சைக்கிள், கைவண்டி என்று சக்கரம் உருளும் எதுவும் போகக் கூடாது. சக்கர நாற்காலிக்கு மட்டும் விலக்கு. கால்நடையாகச் சுமக்கலாம், இல்லையென்றால் குதிரை, கோவேறு கழுதை.

இருவரும் பையைப் பற்றியே அடித்துக்கொள்கிறீர்கள். புதுவேடன், நீங்கள் ஏன் உள்ளே தங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஃபிளாட் டாப்ஸ் எல்லைக்கு வெளியே, வெள்ளை ஆற்றுத் (ஒயிட் ரிவர்) தேசியக் காட்டில் கார் போகும் சாலையோரமாகவே முகாம் போடலாம். எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதற்கு வனத்துறை வாகன வரைபடம் வெளியிடுகிறது, அது இலவசம். விடியும் முன் புறப்பட்டு இரண்டு மூன்று மைல் உள்ளே போய் இருட்டியபின் திரும்புங்கள். வீட்டுக் கம்பளி, கனமான அடுப்பு, தண்ணீர்க் கேன் எல்லாம் காரில் இருக்கும். இந்த வருடத் திட்டத்தில் ஆயிரம் டாலர் மிச்சம்.

சிக்கனசிகாமணி
இது சிக்கனமல்ல, திட்டத்தையே கைவிடுவது. சாலையிலிருந்து இரண்டு மைல் வட்டத்துக்குள் எல்லாரும் நடக்கிறார்கள். முதல் நாள் துப்பாக்கிச் சத்தம் கேட்டவுடன் மந்தை மேலே, உள்ளே போய்விடும். மனிதர் குறைந்த இடத்தில் விழித்துக்கொள்ளத்தானே பையைத் தூக்குகிறோம்?

மலையரசி
அந்த உள்ளேயும் உங்களைப் போல நினைத்த பத்துப் பேர் கூடாரம் அடித்திருப்பார்கள். சாலைக்கும் அவர்களுக்கும் நடுவே இருக்கும் செங்குத்தான, விழுந்த மரங்கள் அடைத்த சரிவுகளில் ஆளே இருக்காது. எல்க் அங்கும் படுக்கும். மைல் கணக்கு ஒரு மயக்கம்.

புதுவேடன்
மலையரசி அக்கா சொல்வது புரிகிறது. ஆனால் உள்ளே தங்குவதுதான் எங்கள் ஆசை. உடைக்கு என்ன செய்வது? காட்டோடு கலந்து மறைக்கும் அச்சு போட்ட உடுப்பு மட்டும் 600 டாலர் சொல்கிறார்கள்.

சிக்கனசிகாமணி
ஒரு காசு கொடுக்காதீர்கள். கொலராடோவில் ரைபிள் பருவத்தில் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்புத் துணி 500 சதுர அங்குலம் வெளியே தெரிய வேண்டும், தலையிலும் அதே நிறம் வேண்டும் என்பது சட்டம். 600 டாலர் இலைதழை ஓவியத்தை வாங்கி, அதன்மேல் பத்து டாலர் ஆரஞ்சுச் சட்டையைப் போட்டு மூடுவீர்கள்! மான் இனத்தின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நம்மைப் போலத் தெரிவதில்லை. அசைவையும் காற்றில் வரும் வாசனையையும்தான் அது பிடிக்கும். பழைய துணிக் கடையில் கம்பளிச் சட்டை, ஃப்ளீஸ், பாலியஸ்டர் உள்ளாடை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தியும் ஜீன்ஸும் மட்டும் வேண்டாம், நனைந்தால் காயாது.

கொம்பன்
இதில் எனக்கு மறுப்பில்லை. மழைச்சட்டை மட்டும் நல்லதாக இருக்கட்டும்.

படுக்கையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பத்தாயிரம் அடியில் அக்டோபர் இரவு உறைநிலைக்கு வெகு கீழே போகும். ஸ்லீப்பிங் பேக் மீது பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் எல்லை; சுகமாகத் தூங்கும் வெப்பநிலை உள்ளே சீட்டில் தனியாக இருக்கும், அது பத்துப் பன்னிரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதலாக இருக்கும். 20 டிகிரி பை என்று மலிவாக வாங்கி 20 டிகிரியில் படுத்தால் விடியும்வரை பல் தந்தியடிக்கும்.

சிக்கனசிகாமணி
அதற்கும் 500 டாலர் இறகுப் பை தேவையில்லை. கீழே விரிக்கும் நுரைப்பாய் இரண்டை அடுக்குங்கள். குளிர்தடுப்பு எண் கூடிக்கொண்டே போகும்: இரண்டும் இரண்டும் நாலு. காற்றடிக்கும் பாய்போல முள் குத்திச் சப்பையாகாது. கனம் குறைவு, இடம் அடைக்கும் என்பது உண்மைதான். முதுகுப்பைக்கு வெளியே கட்டிக்கொள்ளலாம். மேலே செயற்கை இழைப் பை, நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். இறைச்சிக்குப் பழைய பருத்தித் தலையணை உறைகள் போதும். இறைச்சிப் பை என்று பெயரிட்டு விற்பதற்கு ஐம்பது டாலர் கொடுக்காதீர்கள்.

மலையரசி
தண்ணீர்: குழாய்வடிவ இழை வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே இழை உடையும், வெளியே ஒன்றும் தெரியாது. இரவில் அதையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வையுங்கள். குளோரின் டைஆக்சைடு மாத்திரை இன்னும் மலிவு. ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் கிருமிக்கு நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

பைனாகுலர் வாங்காமல் ரைபிள் தொலைநோக்கியாலேயே மலையைத் தேடலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். எதிர்ச்சரிவில் நிற்கும் மனிதர் மீது குண்டு நிரப்பிய துப்பாக்கியை நீட்டுகிறீர்கள் என்று அர்த்தம். பயன்படுத்திய 10×42 பைனாகுலர் (பத்து மடங்கு, 42 மி.மீ. வில்லை) ஒன்று போதும்.

கொம்பன்
அவசரத்துக்குச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கனசிகாமணி
ஐபோன் 14 முதல் அவசரக் குறுஞ்செய்தி செயற்கைக்கோள் வழியாகவே போகிறது. இன்னொரு பெட்டி எதற்கு?

மலையரசி
வரைபடம், படம், விளக்கு எல்லாம் அதே கைபேசியில்தானே? குளிரில் பாட்டரி படுத்துவிட்டால் நாலும் ஒன்றாகப் போகும். இருவருக்கும் சேர்த்து ஒன்றை வாடகைக்கு எடுங்கள், செலவு பாதி.

புதுவேடன்
நன்றி. பயன்படுத்திய சட்டப் பை ஒன்றை 350 டாலருக்கு ஒருவர் விற்கிறார், நாளை போய்ப் பார்க்கிறேன். நுரைப்பாய் இரண்டு, செயற்கை இழைப் பை, பழைய கம்பளிச் சட்டை. மீதியில் பூட்ஸ்.

கொம்பன்
கையோடு 50 பவுண்டு அரிசி மூட்டையைக் கொண்டுபோய் அவர் வீட்டிலேயே ஏற்றிப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள். பூட்ஸை இன்றே வாங்கிப் பாரத்தோடு மலையில் நடந்து பழக்குங்கள்.

சிக்கனசிகாமணி
350க்கு மூன்று ஆலிஸ் வாங்கலாம். சரி, போகட்டும். பெட்ரோலுக்கும் இறைச்சி வெட்டும் கடைக்கும் எடுத்து வைத்தீர்களா? முழு எல்க் என்றால் சில நூறு டாலர் கேட்பார்கள். நல்ல கத்தியும் ஒரு அரவை எந்திரமும் இருந்தால் வீட்டு மேசையிலேயே முடித்துவிடலாம்.