ஏசி கம்ப்ரஸருக்கு 38,645 ரூபாய் எஸ்டிமேட், இது சரியான விலையா?

கொள்ளிடக்கரை (திருச்சி):
வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, நான் இரண்டாவது ஓனர். போன ஞாயிறு தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது துவாக்குடி தாண்டியதும் ஏசியில் வெறும் காற்று மட்டும் வந்தது, அதுவும் சூடாக. போனட்டைத் திறந்து பார்த்தால் பெல்ட் பக்கத்தில், தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். பின் சீட்டில் அப்பாவும் அம்மாவும். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மத்தியானம் இரண்டு மணி வெயிலில் வீடு வந்து சேர்ந்தோம்.

கம்பெனி சர்வீஸில் விட்டேன். அரை மணி நேரத்தில் கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்லி எஸ்டிமேட்டை நீட்டினார்கள். கம்ப்ரஸர் 24,800, டிரையர் (கேஸில் உள்ள ஈரத்தையும் தூசியையும் பிடிக்கிற டப்பா) 1,450, கேஸும் ஆயிலும் 2,600, லேபர் 3,900, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 38,645. வண்டியை இன்று விற்றால் மூன்று லட்சம் வந்தாலே அதிகம், அதில் எட்டில் ஒரு பங்கை ஏசிக்கே கொடுப்பதா? வெளியில் ஒருவர் ரீகண்டிஷன் கம்ப்ரஸர் 8,000 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறேன் என்கிறார். யாராவது செய்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

ஸ்பேனர் மாமா:
தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள், கேஜ் போட்டுப் பார்த்தார்களா? எஸ்டிமேட் கொடுப்பதற்கு முன்னால் நீல ஹோஸ் ஒன்று, சிவப்பு ஹோஸ் ஒன்று மாட்டிப் பிரஷர் பார்த்திருக்க வேண்டும். அது செய்யாமல் கம்ப்ரஸர் போச்சு என்றால் அது வெறும் ஊகம்.

நீங்களே வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசி ஸ்விட்சை ஆஃபில் வையுங்கள். அப்போதே சத்தம் வந்தால் புல்லி பேரிங்காக இருக்கலாம், ஏனென்றால் ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் பெல்ட்டோடு புல்லி சுற்றிக்கொண்டேதான் இருக்கும் (ஐட்லர், ஆல்டர்னேட்டர் பேரிங்கும் இதே மாதிரி கத்தும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்). பேரிங் மட்டும் என்றால் லேபரோடு இரண்டு, மூவாயிரத்தில் முடிந்துவிடும். ஏசி ஆன் செய்ததும் டக் என்று கம்ப்ரஸர் கிளட்ச் (புல்லியைக் கம்ப்ரஸரோடு இணைக்கிற காந்தத் தட்டு) ஒட்டுகிறதா? ஒட்டவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, காயில், பிரஷர் ஸ்விட்ச், இல்லை கேஸே இல்லை, இதில் ஏதோ ஒன்று. கேஸ் ரொம்பக் குறைந்தால் பிரஷர் ஸ்விட்ச் கிளட்சை ஒட்டவே விடாது, கம்ப்ரஸரைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். கிளட்ச் ஒட்டினதும்தான் சத்தம் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அது உள் சாமானாக இருக்கலாம்.

ஓஎம்ஆர் டிராஃபிக்:
ரீகண்டிஷன் பற்றிக் கேட்டீர்கள். நான் அடிபட்டவன், அதனால் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் அலைந்து 7,500க்கு ஒன்று வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் போட்டேன். அதை மட்டும் மாற்றினார், பழைய டிரையர் அப்படியே, லைனைக் கழுவுகிற ஃபிளஷ் கிடையாது. ஏழு மாசம். அவ்வளவுதான். மறுபடி அதே சத்தம். இரண்டாவது மெக்கானிக் டிரையரைக் கழற்றிக் கவிழ்த்துக் காட்டினார், சில்வர் பெயின்ட் கலந்த மாதிரி கறுப்பு ஆயில் சொட்டியது. முதல் கம்ப்ரஸர் அரைத்துத் துப்பின உலோகத் தூள் எல்லாம் லைனிலேயே இருந்து இரண்டாவதையும் தின்றுவிட்டது. ரீகண்டிஷனைக் குறை சொல்லவில்லை, போட்ட விதம்தான் தப்பு. ஆனால் அதற்கு வாரண்டி என்று யாரும் வாயால் சொன்னதைத் தவிர எனக்கு ஒரு துண்டுச் சீட்டு கூடக் கிடையாது.

நிழலில் நிறுத்து:
விலை தேடும்போது பழைய பதிவுகளை நம்பாதீர்கள். அப்போது உதிரி பாகங்களில் பலதுக்கும் 28 சதவீதம் வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18தான். சென்னைக்கு வருகிறவர் யாராவது இருந்தால் ஜி.பி. ரோடு பார்ட்ஸ் கடைகளில் பார்ட் நம்பரைச் சொல்லி விலை கேட்கச் சொல்லுங்கள். அதே கம்ப்ரஸர் கார் கம்பெனியின் டப்பாவில் ஒரு விலை, அதைச் செய்கிற கம்பெனியின் டப்பாவில் வேறு விலை.

ஒரு கேள்வி, வருஷா வருஷம் கேஸ் போடுகிற பழக்கம் உண்டா?

கொள்ளிடக்கரை:
உண்டு சார். மூன்று கோடையாக மார்ச் மாதம் வந்தால் 1,500 கொடுத்து டாப் அப். சர்வீஸ் மாதிரி அதுவும் ஒன்று என்று நினைத்தேன், தப்பா?

ஸ்பேனர் மாமா:
அங்கேதான் இருக்கிறது விஷயம். கேஸ் எரிந்து தீருகிற பெட்ரோல் இல்லை தம்பி, லீக் இல்லாத சிஸ்டத்தில் பல வருஷம் அப்படியே கிடக்கும். வருஷம் ஒரு தடவை குறைகிறது என்றால் எங்கேயோ ஓ-ரிங்கிலோ (ஜாயின்ட்டில் இருக்கிற ரப்பர் வளையம்), கண்டென்சரிலோ (வண்டி முன்னால் கேஸின் சூட்டை வெளியேற்றுகிற பாகம்), கூலிங் காயிலிலோ (டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கிற பாகம்) லீக். கம்ப்ரஸருக்கென்று தனியாக ஆயில் பம்ப் எல்லாம் பெரும்பாலும் கிடையாது, கேஸோடு சேர்ந்து ஆயிலும் சுற்றி வந்துதான் அதை நனைக்கும். கேஸ் லீக் ஆகிற இடத்தில் ஆயிலும் கசியும். டாப் அப் செய்கிறவர் கேஸை மட்டும் ஏற்றி அனுப்பிவிடுவார், ஆயில் யார் கணக்கு? மூணு வருஷம் காய்ந்து ஓடியிருக்கிறது உங்கள் கம்ப்ரஸர். கேஜ் போட்டுவிட்டு எழுதுங்கள்.

கொள்ளிடக்கரை (நான்கு நாள் கழித்து):
கேஜ் போட்டாயிற்று. ஏசி ஆஃபில் சத்தம் இல்லை, ஆன் செய்ததும் வருகிறது. லோ சைடு 75 psi, ஹை சைடு 120 psi, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தாலும் முள் அசையவில்லை. வெளியில் ஏசி மட்டும் பார்க்கிற ஒரு கடையில்தான் பார்த்தேன். அவர் கம்ப்ரஸர் ஹோஸைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் ஆயிலைத் தடவிக் காட்டினார், கறுப்பு, வெயிலில் பிடித்தால் மினுமினுக்கிறது. பேரிங்கோடு போய்விடும் என்று நான் இரண்டு நாளாகச் சாமி கும்பிட்டது வீண்.

அவர் போட்ட கணக்கு: புது கம்ப்ரஸர் 17,500, கண்டென்சர் 4,800, டிரையர் 900, எக்ஸ்பேன்ஷன் வால்வு (கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடுகிறது) 1,100, ஃபிளஷ் 1,000, கேஸ் ஆயில் 1,800, லேபர் 2,500. வரி உட்பட 29,600. கண்டென்சர் எதற்கு, நன்றாகத்தானே இருக்கிறது?

ஸ்பேனர் மாமா:
75க்கு 120 என்றால் சந்தேகமே வேண்டாம். இந்த வெயிலில் நல்ல கம்ப்ரஸர் லோவை 40 பக்கம் இறக்கி ஹையை 200க்கு மேல் தூக்கியிருக்கும். ஏசி போடாமல் நிற்கும்போது இரண்டு முள்ளும் 95, 100இல் சமமாக நிற்கும், உங்களுடையது ஓடும்போதே ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

கண்டென்சர் இப்போதெல்லாம் தட்டை டியூப், உள்ளே ஊசி ஓட்டை மாதிரி வழிகள், தூள் போய் அடைத்தால் எத்தனை ஃபிளஷ் அடித்தாலும் முழுசாக வராது. அந்தக் கடைக்காரர் சரியாகத்தான் சொல்கிறார். கம்பெனி எஸ்டிமேட்டில் கண்டென்சரும் இல்லை, வால்வும் இல்லை, ஃபிளஷும் இல்லை, கவனித்தீர்களா? 38,000 கொடுத்தும் ஓஎம்ஆர் தம்பி கதைதான் ஆகியிருக்கும்.

லீக் எங்கே என்று கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்ற விடாதீர்கள், நைட்ரஜன் அடித்துச் சோப்பு நுரை வைத்துப் பார்க்கட்டும். அப்புறம் வேக்யூம் (பம்ப் வைத்து உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுவது), குறைந்தது அரை மணி நேரம், பக்கத்திலேயே உட்காருங்கள். கேஸ் தராசில் வைத்து ஏற்ற வேண்டும், எத்தனை கிராம் என்று போனட் ஸ்டிக்கரில் இருக்கும். சின்ன வண்டிக்குப் பெரும்பாலும் 400, 500 அளவில்தான். கைக்கணக்கில் ஏற்றினால் அடுத்த பதிவும் நீங்கள்தான் போடுவீர்கள்.

கொள்ளிடக்கரை:
சனிக்கிழமை வேலை முடிந்தது. லீக் கூலிங் காயிலில் இல்லை, நல்ல வேளை, டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும் என்றார்கள். கண்டென்சரின் கீழ் மூலையில் கல் பட்ட இடம், எப்படியும் மாற்ற வேண்டியதுதான். 460 கிராம் ஏற்றினார். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, காற்றைக் கொஞ்சம் குறைடா, காது வலிக்கிறது என்றார்.

ஒரே ஒரு சந்தேகம், பழைய கம்ப்ரஸரை நானே வைத்துக்கொள்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார், பரவாயில்லையா?

ஸ்பேனர் மாமா:
ஐயோ. ரீகண்டிஷன் செய்கிறவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்குவார்கள் தம்பி. போய்க் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் லேபரில் கழிக்கச் சொல்லுங்கள். டிரையர் மாற்றின பில்லும் கையில் இருக்கட்டும், வாரண்டிக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.